புனிதர்களின் குறைகளும் தாய்மாமன் தட்டும்

மாதா கோயிலில் உபதேசியார் வேலை என்பது, பங்குச் சாமியாருக்குப் போக வேண்டிய திட்டை வழியிலேயே வாங்கிக்கொள்கிற வேலை. அன்பியக் கூட்டத்தில், அதாவது வாரம் ஒரு வீட்டில் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் இடத்தில், ஒருமுறையாவது பேசியவர்களுக்கு என் வலி புரியும்.

இந்தத் தவக்காலத்தில் திருச்சபையின் இறையியல் மேதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார் எங்கள் கடலூர்ப் பங்குச் சாமியார். பெருமையை மட்டும் சொன்னால் கொட்டாவி விடுகிறார்களே என்று, அவர்களுடைய குறைகளையும் சேர்த்துச் சொன்னேன். பெயர்களை இங்கே எழுத மாட்டேன். தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்கள்தான்.

டாக்டர்

முதல் கூட்டம் பிலோமினா அக்கா வீட்டில். அங்கே ஏற்கெனவே ஒரு வில்லங்கம். அக்காவின் கணவர் ஆரோக்கியராஜும் அக்காவின் தம்பி சவரிமுத்துவும் பேசிக்கொள்வதில்லை. போன திருவிழாவில் தேர் திரும்பும்போது, "வலது எது, எடது எதுன்னு தெரியாதா ஒனக்கு?" என்று ஊரே பார்க்க மச்சானிடம் கத்திவிட்டார் ஆரோக்கியராஜ். ஈஸ்டர் முடிந்ததும் அக்கா மகளுக்குச் சிதம்பரத்தில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் சபையில் எப்படி நிற்பது என்று அக்காவுக்குத் தூக்கமே இல்லை. அன்றும் சவரி வரவில்லை.

பேச்சை மாற்றத்தான் அந்தத் துறவியின் கதையை எடுத்தேன். ஓயாமல் நோன்பிருந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர். பிற்பாடு திருச்சபை அவருக்கு 'டாக்டர்', அதாவது மறைவல்லுநர், பட்டம் கொடுத்தது என்றேன். சுண்டல் கிண்ணத்தை நீட்டியபடி அக்கா கேட்டார்: "தன் வயித்தயே பாத்துக்கத் தெரியாதவருக்கா டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"

அப்புறம்

அடுத்தது, காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் ஏற்றிவந்து விற்கும் லூர்து வீட்டில். இளமையில் மனம்போனபடி திரிந்து, திருந்துவதை 'அப்புறம், அப்புறம்' என்று தள்ளிப்போட்டு, பிற்பாடு ஆயராகவே, அதாவது பிஷப்பாகவே, ஆகிவிட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னேன். லூர்துவின் முகம் மலர்ந்துவிட்டது. நானும் ஏமாந்து மகிழ்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவர் மனைவி பிடித்துக்கொண்டார்: "பீடிய விடுங்கன்னா இவ்ளோ நாளா அவுங்களே ஏதாச்சும் சாக்கு சொல்வாங்க. இப்ப புனிதர் பேரச் சொல்றாங்க!"

செருப்பு

மூன்றாவது என் வீட்டில். மாமனும் மச்சானும் இருவருமே வந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். விடுவேனா? வேதாகமத்தையே மொழிபெயர்த்த மகா கோபக்காரப் புனிதரை எடுத்தேன். உயிர் நண்பரோடு முட்டிக்கொண்டு, அந்த நண்பர் செத்த பிறகும் திட்டி எழுதியவர், கடைசிவரை சமாதானமே இல்லை என்றேன். குறிவைத்துத்தான் சொன்னேன். ஆனால் இவ்வளவு சரியாகப் படும் என்று நினைக்கவில்லை. சவரி எழுந்தார், செருப்பை மாட்டினார். "உபதேசியாரே, இது புனிதர் கதையா, எங்க வீட்டுக் கதையா?"

சாமியார் காதுக்கும் போனது

"அடுத்த வாரம் ஜெபமாலை மட்டும் சொல்லுங்க, போதும்."

சிதம்பரம்

நிச்சயதார்த்தத்தன்று மண்டப வாசலில் பிலோமினா அக்கா தெருவையே பார்த்தபடி நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாம்பாளம் வைக்கிற நேரத்தில், பழத்தட்டோடு சவரி ஆட்டோவிலிருந்து இறங்கினார். அக்கா அழுதேவிட்டார்.

ஆரோக்கியராஜ் ஓடிவந்தார். பதற்றத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "வா மச்சான், செருப்ப வலது பக்கம் விடு!" என்றுவிட்டார். வாசலே விறைத்தது. சவரி அவரை ஒருமுறை பார்த்தார், செருப்பை இடது பக்கம் விட்டார், சிரித்தார். ஆரோக்கியராஜும் சிரித்தார்.

எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சவரி, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புனிதரு பைபிளயே மொழிபெயர்த்தவரு, சண்டையோட போனாலும் மேல மோட்சத்துக்குள்ள விட்டிருப்பாங்க. நான் என்னத்த மொழிபெயர்த்தேன்? மாமாகிட்ட பேசிட்டுப் போனாத்தான் உண்டு."

இத்தனை வருடமாகப் புனிதர்களின் நிறைகளைச் சொல்லி யாரையும் தெருமுனைவரைகூட நகர்த்த முடியாத நான், ஒரு புனிதரின் குறையைச் சொல்லி ஓர் ஆளைச் சிதம்பரம்வரை அனுப்பிவைத்துவிட்டேன்.