பாடம் முடியவில்லை

போன வாரம் கொள்ளுப்பேத்தியின் பள்ளியிலிருந்து மதிப்பெண் அட்டை வந்தது. ‘வாசிப்பு: சுமார்’ என்று போட்டிருந்தது. எதில் சுமார்? அவளுடைய டீச்சருக்கே போன் போட்டு, “எந்த எழுத்துல தடுமாறுறா?” என்று கேட்டேன். “டெஸ்ட் முடிஞ்சிருச்சு மேடம், அடுத்த பாடத்துக்குப் போயிட்டோம்” என்றார். இந்த வயதிலும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

பழைய கோபம் அது. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு மண்டபம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஓலைக் கொட்டகை, ஒன்றாம் வகுப்பு. நான் கமுதிக்காரி, கடலையே அங்கேதான் முதலில் பார்த்தேன். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்திய மகராசி!

பிள்ளைகள் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பிலோமினா என்ற சிறுமியின் குரல்தான் எல்லோரையும் தூக்கியடிக்கும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒருநாள் கரும்பலகையில் ‘படம்’ என்று எழுதினேன். “படகு!” என்றாள். ‘பட்டம்’ எழுதினேன். அதுவும் “படகு!”

முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியை வாயே ஓட்டிவிடுகிறது. புத்தகத்தை மூடினேன். ஒவ்வொருவராகப் பக்கத்தில் அழைத்து வாசிக்கச் சொன்னேன். பிலோமினாவுக்குக் கடைசி எழுத்து, இன்னொருவனுக்குக் கொம்பு. யார் எங்கே இடறினார்களோ மறுநாள் அங்கிருந்தே தொடங்கினேன்.

ஹெட்மாஸ்டர் பதறினார். “ஏம்மா, இன்ஸ்பெக்டர் வாராரு, பாதிப் புத்தகம் அப்படியே கெடக்கு. தெரியாத பிள்ளைகள அன்னைக்கு வர வேணாம்னு சொல்லிருங்க.”

“எல்லாரும் வருவாங்க சார். பிலோமினா முன்னால உக்காருவா.”



இன்ஸ்பெக்டர் வந்து புத்தகத்தைப் பிரித்தார். “அது வேணாம் சார். நீங்களே எதையாச்சும் எழுதுங்க” என்றேன். முறைத்துவிட்டு, ‘பதவி’ என்று எழுதினார். பிலோமினா எழுந்துபோய் ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்தாள். “ப... த... வி. பதவி!” பிறகு அவரையே பார்த்து, “வாசிச்சுட்டேன் சார். அப்புடின்னா என்னாது?” என்றாள்.

அவர் என் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டினார். “பாதிப் புத்தகம் ஏன் நடத்தலை?” என்று என்னிடம் திரும்பினார்.

“வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மிச்சத்த எப்படி சார் நடத்துறது?”

‘பாடம் முடியவில்லை’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஹெட்மாஸ்டர் கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. சிக்கலுக்கு மாற்றல் வந்தது; ஊர்ப் பெயரைச் சொல்லித் தோழிகள் சிரித்தார்கள். அங்கேயும் முதல் நாளே புத்தகத்தை மூடிவைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கடற்கரைக்குப் போனேன். கொட்டகை நின்ற இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த குடும்பங்கள் எப்போதோ இடம்பெயர்ந்துவிட்டன. பிலோமினாவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எந்த ஊரில் வாழ்ந்திருந்தாலும், எவர் நீட்டிய காகிதத்தையும் அவள் கடைசி எழுத்துவரை பார்த்துத்தான் வாசித்திருப்பாள்.