தோளில் மிஞ்சிய விரல்கள்

செய்தி வீட்டிலிருந்து வரவில்லை. பள்ளி வேன் ஓட்டும் அண்ணாச்சியின் போனுக்கு வந்தது. மேலகரம் வருவதற்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் போனைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"செண்பகம், ஒங்க வீட்டுல இருந்து யாரும் ஸ்கூலுக்குப் பேசினாவளா?"

இல்லை என்றேன். அவர் போனை என்னிடம் நீட்டினார்.

அது ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம். நீல வானம், இரண்டு புறாக்கள், ஓர் எரியும் விளக்கு. நடுவில் இருந்த முகத்துக்கு முன்பாக என் கண்ணில் பட்டது இடது தோள். அதன்மேல் நான்கு விரல்கள் இருந்தன. நகப்பூச்சு பாதி உரிந்த விரல்கள். அவற்றுக்குக் கை இல்லை, ஆள் இல்லை. அவை என் விரல்கள். போன குற்றால சீசனில் ஐந்தருவிக்குப் போயிருந்தபோது மதினியின் தோளில் கை போட்டுக்கொண்டு நான் நின்ற படம் அது. என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். விரல்களை மறந்துவிட்டார்கள்.

காய்ச்சல் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. என் அண்ணனின் மனைவி இசக்கியம்மாள் இறந்துவிட்டார் என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன். அவருக்கு வயது இருபத்தொன்பது.

இந்தச் சிறுவர் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்கு, இதில் அவர் வரைந்த பிள்ளைகளைத் தெரியும், அவரைத் தெரியாது. எங்கள் தெருவுக்கு அவரைத் தெரியும், அவர் வரைந்தது தெரியாது. எல்லோருக்கும் சேர்த்து எழுதப் பார்க்கிறேன். வீட்டில் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். மாடி அறையில், அவருடைய மேசையில் உட்கார்ந்து, வெளிச்சம் ஜன்னலில் தெரியாதபடி விளக்கின் மேல் தாவணியைப் போட்டிருக்கிறேன். நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தாவணி மங்கலாக்கிய வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால், இதை எழுதச் சொன்ன பதிப்பகத்து அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மதினிக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தென்காசியில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தார். அண்ணன் ராணுவத்தில் இருப்பதால் வருஷத்தில் பத்து மாதம் ஊரில் இருக்கமாட்டான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். இரண்டு பேரும் ஸ்கூட்டியில் சேர்ந்து வீடு திரும்புவோம்.

கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை விழா, எதுவானாலும் எங்கள் ஊரில் பேனர் வேண்டும், பேனரில் முகங்கள் வேண்டும். யார் மேலே, யார் கீழே, யார் முகம் பெரிது என்பதில்தான் டிசைனரின் சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது. ஒருநாள் கீழப்பாவூரிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பேனர் போட வந்தார்.

"ரெண்டு தாய்மாமன்ல யாரு மூத்தவரு அண்ணாச்சி?" என்று மதினி கேட்டார்.

"மூத்தவரு இவருதான். ஆனா வசதி அவருக்குல்லா."

"அப்ப ரெண்டு தலையையும் ஒரே அளவுல போட்டுருதேன். வேணும்னா ஸ்கேல் வச்சு அளந்துக்கிடட்டும்."

"அளப்பாரும்மா. நீ வெளாட்டுக்குச் சொல்லுத, அவரு நெசமாவே அளப்பாரு."

மதினி சிரிக்கவே இல்லை. திரையில் இரண்டு முகத்துக்கும் குறுக்கே கோடு போட்டு, அளவைக் காட்டி, அவரைத் திருப்தியாக அனுப்பிவைத்தார். அவர் படியிறங்கிய பிறகு மேசைக்கு அடியில் குனிந்துகொண்டு சிரித்தார்.

அஞ்சலிப் படம் என்றால் மட்டும் விளையாட்டு கிடையாது. இறந்தவருக்குத் தனியாக எடுத்த படம் அநேகமாக இருக்காது. ஏதாவது விசேஷ வீட்டில் நாலு பேரோடு நிற்கும் படத்தைக் கொண்டுவந்து, இவரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்பார்கள். வெட்டினால், பக்கத்தில் நின்றவரின் விரல்கள் தோளோடு ஒட்டிக்கொண்டு வரும். மதினி அந்த விரல்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சட்டைக் கட்டத்தையோ சேலை மடிப்பையோ கோடு கோடாக வரைந்து நிரப்புவார்.

"ஏம்மா, எழவு வீட்டு ஆளு வாசல்ல நிக்கான். விரல் கெடந்தா கெடந்துட்டுப் போவுது!" என்று கடைக்கார அண்ணாச்சி கத்துவார்.

"செத்தவுக தோள்ல யாரு கைன்னு தெருவே நின்னு பாக்கும் அண்ணாச்சி. ரெண்டு நிமிஷம்."

இருபது நிமிஷம் ஆகும்.

எடுத்த விரல்களை அவர் அழித்ததில்லை. 'விரல்' என்று பெயர் போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார். ஒருநாள் அதைத் திறந்து பார்த்துவிட்டேன். மோதிரம் இறுகிப்போன விரல், மருதாணி வைத்த விரல், பீடிக் கறை படிந்த விரல், வளையலோடு வெட்டுப்பட்ட ஒரு மணிக்கட்டு.

"என்ன மதினி இது, பேய்ப் படம் மாதிரி?"

"எதுக்குட்டி பயப்படுத? செத்தவுகளயா வச்சிருக்கேன்? இதெல்லாம் உசுரோட இருக்கவுக கை. பக்கத்துல நின்னு தொட்டுக்கிட்டு இருந்த கை. அத எப்படி அழிக்க?"

பிற்பாடு புத்தகங்களுக்கு வரைய ஆரம்பித்தபோது, பிள்ளைகளின் கைகளுக்கு அவர் திறந்து பார்த்தது, கடையிலிருந்து போனில் ஏற்றிக்கொண்டு வந்த அந்த ஃபோல்டரைத்தான். அவர் வரைந்த பிள்ளைகள் எப்போதும் யாரையாவது பிடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஓர் ஆசிரியை பதிப்பகத்துக்கு எழுதியிருந்தாராம். அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலம் போவோம். எல்லோரும் அருவியைப் பார்க்க, அவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பளபளவென்று வரிசையில் நிற்கும் ஆட்கள், பாறையில் காயும் சேலைகள், மங்குஸ்தானைப் பிளந்து வெள்ளைச் சுளை தெரிய அடுக்கியிருக்கும் விதம், சிப்ஸ் கடைக்காரருக்கும் குரங்குக்கும் நடக்கும் சண்டை. ஒருமுறை சித்திர சபைக்குக் கூட்டிப்போனார். சுவரில் இருந்த பழைய ஓவியங்களில் தெய்வங்களை விட்டுவிட்டு அவர் காட்டியது கைகளை.

"இங்கன பாரு. இத்தன பேரு நெருக்கியடிச்சு நிக்காவ. ஒரு விரலாவது அந்தரத்துல நிக்கா? எல்லா விரலுக்கும் ஆளு இருக்கு."

போனில், கொச்சியில் இருக்கும் யாரோ ஒரு பெண் போடும் படங்களைத் தினமும் பார்ப்பார். "ஏட்டி, இவ மஞ்சளே தொடாம வெயிலு போட்டிருக்கா. சவம், எப்படித்தான் வருதோ!" என்று பொறாமையோடு என் தோளில் அடிப்பார். யாருடைய படமாவது நன்றாக இருந்தால் எனக்குத்தான் அடி விழும்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அந்த வேலை நின்றது. அப்பா தலைமைக் காவலர். ஒரு கோயில் கொடைப் பேனரில் யார் முகம் பெரியது என்று இரண்டு குடும்பம் மோதிக்கொண்டு, ஒருவருக்கு மண்டை உடைந்து, வழக்கு அப்பா வேலை பார்க்கும் ஸ்டேஷனுக்கு வந்தது. பேனர் போட்டுக் கொடுத்த பையனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்று அப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"ஏம்மா இசக்கி, நாளையோட ஒன் வேலைய நிறுத்திக்கோ."

"மாமா, அது எங்க கடையில போட்டதே இல்ல."

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு? எங்க வீட்டுப் பிள்ள ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்கத நான் பாக்கணுமா? இந்தப் படம் போடுத சோலியே வேண்டாம்."

அப்பா பொல்லாதவர் அல்ல. யாரையும் அடிக்கமாட்டார். கோபம் வந்தால் பேசுவதை நிறுத்திவிடுவார். ஒருமுறை நான் பொய் சொன்னதற்குப் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மதினி மூன்று மாதம் ஒரு கோடுகூடப் போடாமல் இருந்தார். பிறகு மாடியில் துணி காயப்போடும் நேரம் நீள ஆரம்பித்தது. சென்னையில் இருக்கும் இந்தப் பதிப்பகத்துக்கு அவர் முன்பே சில படங்களை அனுப்பியிருந்தார். அவர்கள் ஒரு சிறுவர் கதையை வரையச் சொன்னார்கள். அப்போதுதான் என்னிடம் கேட்டார்.

"ஏட்டி, ஒம் பேர எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தாரியா?"

"எதுக்கு மதினி?"

"எம் பேருல பார்சல் வந்தா மாமா என்னன்னு கேப்பாவ. ஒம் பேருல வந்தா பாடப் புஸ்தகம்னு விட்டுருவாவ."

இப்படித்தான் நான்கு புத்தகங்களில் 'ஓவியம்: செண்பகம்' என்று வந்தது. எனக்கு ஒரு கோழிகூட ஒழுங்காக வரைய வராது. அவர் வரைவார், நான் மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவின் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன்.

ஒருநாள் கணக்குத் தவறிவிட்டது. அப்பா வீட்டில் இருக்கும்போது பார்சல் வந்தது. அவரே வாங்கி, அவரே பிரித்தார். உள்ளே குருவிப் படம் போட்ட கதைப் புத்தகம்.

"என்னட்டி இது, ப்ளஸ் ஒன்னுக்குக் குருவிக் கதையா?"

நான் மதினியைப் பார்த்தேன். மதினிதான், "இங்கிலீஷ் டீச்சர் கதை ஒண்ணு எழுதச் சொன்னாவளாம் மாமா, மாதிரிக்கு வாங்கியிருக்கா" என்றார். அப்பா புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். மழையில் ஒரு போலீஸ்காரர் தன் தொப்பியைக் குருவிக் கூட்டின் மேல் கவிழ்த்துப் பிடித்திருக்கும் படம்.

"இதப் போட்டவன் கெட்டிக்காரன்லா! நம்ம ஆளுவளப் படத்துல போடுத எவனுக்கும் பெல்ட்டு போடத் தெரியாது. இவன் பக்கிள்கூடச் சரியாப் போட்டிருக்கான். யாரு இவன்?" என்று அட்டையைத் திருப்பினார். "செண்பகம்னு இருக்கு, ஒம் பேருதான்ட்டி. பொம்பளப் பிள்ளையா! நம்ம குத்தாலத்துப் பக்கந்தான் இருக்கும், அங்க உள்ள அருவிப் பேருல்லா."

அந்தப் பெல்ட் அப்பாவுடையது. முன் அறை ஆணியில் தொங்கியதைப் பார்த்து மதினி வரைந்தது. அந்தத் தொப்பியும் அப்பாவுடையதுதான். அம்மா அடுக்களையிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா புத்தகத்தை மறுநாள் ஸ்டேஷனுக்கே கொண்டுபோய் எல்லோருக்கும் பெல்ட்டைக் காட்டிவிட்டு வந்தார்.

அன்று மாடியில் மதினி சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். "மாமா என்னயத்தான்ட்டி கெட்டிக்காரன்னு சொன்னாவ. ஆனா எங்கிட்டச் சொல்லலியே," என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த புஸ்தகத்துல எம் பேரப் போடச் சொல்லப்போறேன். மொதப் பிரதிய நானே மாமா கையில கொடுப்பேன். பேசாம இருந்தா இருக்கட்டும், எத்தன நாளைக்கு இருப்பாவ?" என்றார்.

அந்த அடுத்த புத்தகம்தான் உங்கள் கையில் இருப்பது. இதில் குற்றாலம் வருகிறது. நடுப்பக்கத்தில் அருவி இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். பதிப்பகத்து அக்கா, அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லையா என்று போனில் கேட்டார். "முடிஞ்சிட்டுக்கா. நனைஞ்சவுகள எல்லாம் போட்டுட்டேன். நடுவுல மிச்சம் இருக்கதுதான் தண்ணி," என்றார் மதினி. கொச்சிப் பெண்ணின் மஞ்சள் இல்லாத வெயிலுக்கு இது அவருடைய பதில். அனுப்பிய மறுவாரம் காய்ச்சல் வந்தது.

அவர் பழைய கடைதான் அவசரத்தில் அந்த அஞ்சலிப் படத்தைச் செய்தது. அதையே பெரிதாக்கித் தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். என் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு முழம் இருந்தன. எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"யாரு கை இது, பிள்ள தோள்ல?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். என் கை என்று சொன்னால், அதற்கு அடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று பயம்.

நேற்று பதிப்பகத்து அக்கா அழைத்தார். "செண்பகம், கடைசிப் பக்கம் காலியா இருக்கும்மா. அவங்களப் பத்தி நீயே எழுதேன். அட்டையில பழைய பேரே போடவா, இல்ல அவங்க பேரா? நாளைக்குச் சொல்லிடு, அச்சுக்குப் போகணும்."

அண்ணனிடம் கேட்டேன். "அவ பேரு வந்தா நல்லாருக்கும்ட்டி. ஆனா அப்பாட்ட நான் சொல்லமாட்டேன். எல்லையில வேணா போய் நிக்கச் சொல்லு, நிக்கேன்," என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் பெயரே இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அவர் பெயர் வந்தால், இரண்டு வருஷம் நாங்கள் ஏமாற்றினோம் என்று அப்பாவுக்குத் தெரியும். என்னோடு பேசாமல் இருப்பதைத் தாங்கிக்கொள்வேன். இறந்துபோன மதினியிடம் அவர் மனதுக்குள் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் பயம். மதினியால் வந்து சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெல்ட்டை அத்தனை பேருக்குக் காட்டிய மனிதருக்கு, அதை வரைந்தது யார் என்று தெரியாமலே போவது இதைவிட மோசம் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

எனவே அக்கா, அட்டையில் 'ஓவியம்: இசக்கியம்மாள்' என்று போடுங்கள். பழைய புத்தகங்கள் மறுபடி அச்சாகும்போது அவற்றிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரைக்கு மேலே வைக்க, அந்த அஞ்சலிப் படத்தில் இருந்த மதினியின் உருவத்தை மட்டும் அனுப்புகிறேன். முழுப் படமும் என்னிடம் இருக்கிறது, ஆனால் இது அவருடைய பக்கம், நான் அதில் நிற்க வேண்டாம். தோளை மட்டும் யாரும் சரிசெய்ய வேண்டாம்.

முதல் பிரதியை நானே அப்பாவின் கையில் கொடுப்பேன். அவர் புரட்டிக்கொண்டே வந்து இந்தப் பக்கத்தில் நிற்பார்.

அப்பா, அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள். அது என் கை.

மதினி, உங்கள் பெயரை உங்களிடமே கொடுத்துவிட்டேன். விரல்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள்.