நோயில்லை, தாகம்

முதலில் காட்டிக் கொடுத்தது சப்பாத்துத்தான். பின்னேரம் அதைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி காலுறையின் விளிம்பு பள்ளமாய்ப் பதிந்திருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் அந்தப் பள்ளம் மறையாது. ஈரமண்ணில் நின்று வேலை செய்கிறவனுக்குக் கால் வீங்காமல் வேறென்ன வீங்கும் என்று பகிடி விட்டேன். மனைவி சுகந்தி சிரிக்கவில்லை.

"ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்றாள்.

"ஓம், பாப்பம்."

அந்தப் "பாப்பம்" அடுத்த கோடைவரை நீண்டது.

இத்தாலியின் தெற்கே பலெர்மோவில், லிபெர்த்தா தெருப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் எனக்குத் தோட்ட வேலை. சுகந்திக்கு அதே வீட்டில் சமையலும் துப்புரவும். வீட்டுக்காரியை நாங்கள் சின்யோரா என்போம். வடக்கே மலைப்பக்கத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இஞ்சை வந்தவர். தன் ஊரிலிருந்து கொண்டுவந்த அஸ்டில்பே என்ற பூஞ்செடியைப் பின்முற்றத்தில் வெயில் எட்டாத சுவரோரம் வைத்திருந்தார். பன்னம் (பெரணி) போன்ற இலை, தினைக்கதிர் போல நிமிர்ந்த இளஞ்சிவப்புப் பூ. இந்த ஊர்ச் சூட்டுக்குச் சரிவராத செடி. நிழல் வேண்டும், மண் ஒருநாளும் காயக்கூடாது. குழாய்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் அதற்கு ஆகாது. ஆகவே ஏசி பெட்டிகள் சொட்டும் தண்ணீரை வாளிகளில் பிடித்து ஊற்றுவேன். வேரைச் சுற்றி உக்கின இலை போட்டு மூடி வைப்பேன்.

ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரொக்கோ என்ற சூட்டுக்காற்று வீசும் நாட்களில் மட்டும், என்ன செய்தாலும் செடி துவண்டுவிடும். சின்யோரா பதறிப்போய் என்னைக் கூப்பிடுவார். "நோயில்லை சின்யோரா, தாகம்" என்பேன். நன்றாக நனைய ஊற்றிவிட்டால் காலையில் நிமிர்ந்து நிற்கும்.

ஆஸ்பத்திரியில் என் இரத்தத்தைப் பார்த்த சிறுநீரக டொக்டர், ஒரு பெண், கிரியற்றினின் (தசைகள் உண்டாக்கும் கழிவு, சிறுநீரகம் வடிக்காவிட்டால் இரத்தத்தில் ஏறும்) தாறுமாறாய் ஏறியிருப்பதாகச் சொன்னார். பல வருடமாய்க் கவனிக்காத பிரஷர் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது.

"கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

செடிக்கு ஈரம் காணுமோ என்று நாளும் மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்த மனுசன், தன் கையை ஒருவரிடமும் நீட்டவில்லை. சுகந்தி சொல்லிக்கொண்டே இருந்தவள். அன்று கொரிடோரில் அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்தல்) தொடங்கியது. அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (நாளத்தையும் நாடியையும் இணைத்துச் செய்யும் ஊசிவழி) போட்டார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. தண்ணீரும் அளந்துதான் குடிக்கலாம், ஏனென்றால் குடித்தது வெளியே போக வழியில்லை. தோடம்பழம், இளநீர் எல்லாம் விலக்கு. அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடுமாம். நாக்கு வறண்டால் ஐஸ்கட்டி ஒன்றைச் சூப்பிக்கொண்டிருப்பேன்.

வாளிகள் சுகந்தியின் கைக்குப் போயின. வீட்டுவேலையை முடித்துவிட்டு, குனிந்து குனிந்து அஸ்டில்பேக்கு ஊற்றுவாள். நான் கதிரையில் இருந்து பார்ப்பேன். மண் அந்தத் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்போது செடியிலேயே எனக்குப் பொறாமை வரும். வெட்கக்கேடு, வேறென்ன.

ஒருநாள் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்: "என்ரையிலை ஒண்டைத் தாறன்."

"விசரே உமக்கு?"

"கிட்னி ரெண்டு கிடக்குத்தானே. ஒண்டோடை இருக்கலாமாம்."

வேண்டாம் என்றேன், இரண்டு மூன்று தரம். வாய்தான் சொன்னது. உள்ளே ஒருத்தன் துள்ளிக்கொண்டிருந்தான். இதை வாசிக்கும் உங்களில் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும்.

இரத்தவகை பொருந்தியது. முக்கியமான பரிசோதனைக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சுகந்தி ஒரு நேர்த்தி வைத்தாள். பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் ஞாயிறு தோறும் போகும். அம்மனுக்கும் அவவுக்கும் நாங்கள் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. வெறுங்காலோடு மலையேறி, பரிசோதனை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பதாக நேர்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு சிரொக்கோ அடித்தது. அவள் இறங்கி வந்தபோது உதடு வெடித்திருந்தது. "ஒரு மிடறு குடியுமன்" என்றேன். தலையாட்டி மறுத்தாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. எனக்காக ஒருத்தி தண்ணீர் குடியாமல் கிடப்பது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது.

திங்கள் பின்னேரமே முடிவு வந்ததும் டொக்டர் இருவரையும் இருத்திக் கதைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்கள் மனைவியின் கிரியற்றினினும் கூடியிருக்கிறது. இப்படியான சிறுநீரகத்தை எடுத்தால் அவரும் நோயாளி ஆகிவிடுவார். நாங்கள் எடுக்கமாட்டோம். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கு உங்கள் பெயரைப் பதிவோம். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது."

சுகந்தி வாய் திறப்பாள் என்று பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரதத்தைச் சொன்னால் டொக்டர் ஏசுவார் என்று கூச்சப்படுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு வருடக்கணக்காய்ச் சின்யோராவிடம் சொல்லிப் பழகிய அதே வார்த்தைகள் வாயிலிருந்து வந்தன.

"நோயில்லை டொக்டர், தாகம். அவ ரெண்டு நாளாய்த் தண்ணி குடிக்கேல்லை."

டொக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அப்படியா?"

"ஓம்" என்றாள் சுகந்தி. இத்தாலியனில் இல்லை, தமிழில். பிறகுதான் நினைவு வந்தவளாய் "ஸி" என்றாள்.

நன்றாகத் தண்ணீர் குடிக்க வைத்து மறுபடி பரிசோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

கொடுப்பவர் தன் விருப்பத்தோடுதான் கொடுக்கிறாரா என்று, எங்களோடு தொடர்பில்லாத டொக்டர்கள் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். நீதிபதிக்கு முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. எல்லா இடத்திலும் சம்மதம் என்றாள். குளிர்காலத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. எனக்கு மறுநாளே முகம் தெளிந்துவிட்டது. அவள் பக்கத்து அறையில் இருமக்கூடப் பயந்து, வயிற்றைத் தலையணையால் அமத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சுகமாய் உள்ளே போனவள் நோவோடு கிடக்க, நோயாளி நான் எழுந்து நடந்தேன். நேர்ஸ்மார் எனக்குக் கை தட்டினார்கள். எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் சின்யோரா, அஸ்டில்பேயின் நடுக்கிழங்கு முற்றிக் கட்டையாகிவிட்டது, பிரித்து நட வேண்டும் என்றார். என்னால் மண்ணைத் தொட முடியாது. என் குளிசைகள் (உடல் புது உறுப்பை அந்நியம் என்று தாக்காமல் தடுப்பவை) கிருமிக்கு வாசலைத் திறந்துவிடும். முகத்தை மூடிக்கொண்டு தள்ளி நின்று சொல்லிக் கொடுத்தேன். சுகந்தி சின்னக் கட்டையில் குந்தியிருந்து, கத்தியால் கிழங்கைப் பிளந்தாள்.

"ஒவ்வொரு துண்டிலையும் முளை இருக்கோணும்" என்றேன்.

"ம்" என்றவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அண்டைக்கு டொக்டர் ஏலாதெண்டு சொல்லேக்கை எனக்கு அப்பாடா எண்டு இருந்தது."

அவள் அடுத்த துண்டில் கத்தியை வைத்தாள்.

"பயம். வெட்டிறதெண்டால் சும்மாவே? கடவுளாய்ப் பாத்து விட்டிட்டார் எண்டு நினைச்சன். நீங்கள் டக்கெண்டு சொல்லிப்போட்டியள்."

"தனியக் கூப்பிட்டுக் கேட்டினமே. அங்கை மாட்டன் எண்டிருக்கலாமே?"

"அங்கை நான் சொன்னது உண்மைதான். யோசிச்சுத்தான் சொன்னனான். தந்ததுக்கு எனக்கு ஒரு கவலையுமில்லை." கத்தியை மண்ணில் குத்தி வைத்தாள். "என்னைக் கேக்காமல் சொன்னியள் பாருங்கோ. அதுதான்."

"நீர் கூச்சத்திலை இருக்கிறீர் எண்டு நினைச்சன்."

"இல்லை. நீங்கள் அப்பிடி நினைக்கேல்லை."

உண்மை. நான் அப்படி நினைக்கவில்லை. கணவன் மனைவியாய் அப்படியொரு டொக்டரின் அறைக்குள் போகப்போகும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கதவுக்கு வெளியே வைத்துக் கேட்டுவிடுங்கள். உள்ளே போனபிறகு உயிராசைதான் முந்திக்கொண்டு கதைக்கும்.

அன்று "மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். "சரி, அந்தத் துண்டை எடுங்கோ" என்றாள். பிறகு நான் மண்ணைத் தொடக்கூடாது என்பது நினைவு வந்து, தானே எழும்பிப் போய் எடுத்தாள்.

பழைய இரண்டையும் டொக்டர்மார் எடுக்கவில்லை, எடுப்பது வழக்கமில்லையாம். எனக்குள் மூன்று, அவளுக்குள் ஒன்று. நினைத்தாலே கூசுகிறது. புதியது வலதுபக்க அடிவயிற்றில், தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கை வைத்தால் மேடு தெரியும். பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். அது என்னுடைய உடம்பு என்று இன்னும் நினைக்க வருவதில்லை. ஒருவர் நம்பி வைத்துவிட்டுப் போன பொருளைக் காவல் காக்கிறவன் மாதிரி நடக்கிறேன். முன்பு பருவத்தைப் பார்த்து நாள் போகும். இப்போது காலைக் குளிசைக்கும் மாலைக் குளிசைக்கும் இடையில் போகிறது.

பிரித்து நட்ட அஸ்டில்பே இந்த வருடம் இலை மட்டும் விட்டது, பூக்கவில்லை. பிரித்தால் முதல் வருடம் அப்படித்தான், கோபித்துக்கொண்டு நிற்கும். தண்ணீரை மட்டும் நிறுத்தக்கூடாது.

இப்போது நான் நிறையக் குடிக்க வேண்டும். அவளும்தான். காலையில் இரண்டு போத்தல்களை நிரப்பி மேசையில் வைக்கிறாள். நேற்று சிரொக்கோ. மண் தொடாத கொப்பு வெட்டும் வேலை மும்முரத்தில் என் போத்தல் மத்தியானம்வரை அப்படியே இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தாள்.

"குடியுங்கோ."

"எனக்குத் தாகமில்லையப்பா."

"உங்களுக்கில்லை" என்று என் வயிற்றைக் காட்டினாள். "அதுக்கு."

நின்ற நிலையில் முழுவதையும் குடித்து முடித்தேன். போத்தல் வெறுமையாகும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.