வெல்லக் காப்பியில் வரைந்த மீசை

அப்பா இறந்த பிறகு நான் எனக்கென்று வாங்கிய முதல் பொருள் ஒரு வாட்டர்கலர் பெட்டி. ஏன் வாங்கினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. போனில் ஏதோ வீடியோ பார்த்தேன், ஆர்டர் போட்டேன், வந்தது.

ஏற்காட்டு மழைக்காலத்தில் வாட்டர்கலர் காயாது என்பது வீடியோக்காரர்களுக்குத் தெரியாது. காலையில் தீட்டிய வானம் சாயங்காலமும் ஈரமாகவே இருந்தது. களிமண்ணுக்குப் போனேன், பூசணம் பூத்தது. ரெசின் இறுகாமல் பிசுபிசுத்துக் கிடந்தது. அச்சுப் படத்துக்காக லினோ தகட்டைச் செதுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். வலிக்கிறதா என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று சரிவராவிட்டால் அன்றைக்கே அடுத்ததற்கு ஆர்டர். வேகத்துக்கு மட்டும் குறைவில்லை. அழுகைதான் வரவில்லை. எல்லோரும் அழச் சொன்னபோதும் வரவில்லை, அதன்பிறகும் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க ஊட்டுக்குள்ள ஒரு ஃபேன்ஸி ஸ்டோரே இருக்குதுங்களே" என்றார்.

"இருக்கட்டும் உடு. செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு இது தேவல" என்றாள் அம்மா.

வருஷத் திதி நெருங்கியது. மாட்டுவதற்கு அப்பாவின் படம் இல்லை. எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். போட்டோ எடுக்கும்போதெல்லாம் ஜீப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருப்பார். லைசென்ஸில் இருந்த சின்னப் படத்தை ஸ்டூடியோவில் பெரிதாக்கச் சொன்னோம். முகம் மூட்டமாகி வந்தது.

"நித்தம் என்னென்னமோ பண்றியே கண்ணு, நீயே வரஞ்சுரு. திதிக்கு மாட்டோணும்" என்றாள் அம்மா.

கரித்துண்டில் வரைந்தேன், யாரோ போலிருந்தது. பென்சிலில் வரைந்தேன், லைசென்ஸ் போலவே இருந்தது. கடைசியில் காப்பியில் வரைவதைப் பற்றி ஒரு வீடியோ கண்ணில் பட்டது. அதற்கு ஆர்டர்கூட போட வேண்டாம். அடுப்பில் மிச்சமிருந்த காப்பியை அப்படியே கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் காப்பித்தூளையும் வெல்லத்தையும் சேர்த்துத்தான் கொதிக்கவிடுவோம். வெல்லம் போடாத காப்பி என்று ஒன்று உண்டு என்பதே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படம் நன்றாக வந்தது. நெற்றிக்கு ஒரு பூச்சு, கன்னத்துக்கு இரண்டு. மீசைக்கு மட்டும் காப்பியைச் சுண்டக் காய்ச்சி, பூசிப் பூசி ஏற்றினேன். மினுமினுவென்று அப்பா எதிரே இருந்தார். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு போய்த் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா கூப்பிட்டாள். மீசை அசைந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து அப்பாவின் உதட்டுக்கும் எறும்பு வரிசை.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மாதான் ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். மூட்டத்தில் காயாமலே இருந்த வெல்லப் பூச்சு. எறும்போடு மீசையும் துணியில் வந்துவிட்டது.

"எத்தன வருசம் சொன்னேன், அந்த மீசைய எடுங்கன்னு. இப்பத்தான் எடுத்திருக்காரு" என்று சிரித்தாள். சிரித்தவள் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். "ஏங்கண்ணு, இது யாரு?"

எனக்கும் தெரியவில்லை. அப்பா என்று நான் வரைந்தது மீசையை மட்டும்தான் போலிருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு பழுப்புக் கறை.

"அப்பாவோட மேலுதடு எப்படிம்மா இருக்கும்?"

"உன்னோடதாட்டம் இருக்கும். நொம்ப மெல்லிசு."

வெல்லமில்லாமல் வெறும் தண்ணீரில் காப்பித்தூளைக் கொதிக்கவிட்டு வடித்துக்கொண்டேன். பாத்ரூம் கண்ணாடியைக் கழற்றி எதிரே சாய்த்துவைத்து, என் உதட்டைப் பார்த்து, நடுவிலிருக்கும் சின்னப் பள்ளம் உட்பட, அப்பாவின் உதட்டை வரைந்தேன்.

"அதுமேல மீசை வெக்கத்தான போற? மறையறதுக்கு எதுக்கு இத்தன நேரம்?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா."

உதடு காய்வதற்கே மத்தியானம் ஆனது. அதன்பிறகுதான் மீசையை வைத்தேன். திதியன்று படத்தைப் பார்த்த எல்லோரும் முதலில் மீசையைத்தான் சொன்னார்கள்.