சிவப்பு மையில் எழுதிய பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஷார்ஜாவில் நடந்தது இது. டைல்ஸ், குளியலறைக் குழாய் எல்லாம் சீனாவிலிருந்து இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வீடு அஜ்மானில். ஆபீசுக்குப் பின்னாலேயே குடோன் என்பதால் நாள் முழுக்கச் சீன எழுத்து அச்சடித்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில்தான் பிழைப்பு. பார்த்துப் பார்த்து, இதைப் படித்தால்தான் என்ன என்று ஆசை வந்துவிட்டது. போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டேன்.

ஆரம்பித்த பிறகு விட முடியவில்லை. ஒரு மரத்தை வரைந்தால் மரம். இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. மரத்தில் ஒரு மனிதன் சாய்ந்திருந்தால் ஓய்வு. சூரியனும் நிலாவும் பக்கம் பக்கமாக இருந்தால் வெளிச்சம். உடையும் சாமான் இருக்கும் பெட்டிகளில் ‘சின்ன’ என்ற எழுத்தும் ‘மனசு’ என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும்; அதற்கு ‘கவனம்’ என்று அர்த்தமாம். எனக்கோ வாய் சும்மா இருக்காது. டீ டைமில் ஒருத்தரையும் விடாமல் உட்கார வைத்துப் பாடம் எடுப்பேன். ‘சைனா டீச்சர் வந்தாச்சு’ என்று கிண்டல் செய்வார்கள். அது கிண்டல் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. பட்டம் கொடுத்த மாதிரி பூரித்துப் போவேன்.

என் பக்கத்து சீட்டில் ஒரு சீனப் பெண். அங்கிருக்கும் ஃபேக்டரிகளோடு பேசிச் சரக்கை வரவழைப்பது அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள். நான் எழுத்துகளைத் தப்பாக உச்சரிக்கும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொள்வாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவை இங்கேயே வரவழைத்து வைத்திருந்தாள். அந்த அம்மாவுக்கு அப்போது அறுபது வயது. நம் பிரபவ முதல் அட்சய வரை போலவே அவர்களுக்கும் அறுபது வருடச் சுற்று உண்டு, இந்த வருடம் அம்மா பிறந்த வருடமே திரும்பி வந்திருக்கிறது என்று அவள் சொன்னதும் நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் ஊரில் அறுபதுக்குக் கல்யாணமே பண்ணுவோம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. பிறந்த வருடம் திரும்பி வருவது அவர்களுக்குக் கொஞ்சம் கண்டமான காலமாம். அதற்குக் காப்பாக அம்மாவுக்குச் சிவப்பு சாக்ஸும் இடுப்பில் கட்ட ஒரு சிவப்புக் கயிறும் ஆன்லைனில் வாங்கியிருந்தாள். அவள் சொன்னதில் கண்டம் என்பது என் காதில் ஏறவே இல்லை. சிவப்பு நல்லது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. எடுத்துப் பார்த்தால்தான் அது எந்த மாதிரிக் கட்டி என்று சொல்ல முடியும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். ஊரில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்தால் வார்டு கொள்ளாமல் சொந்தம் வந்து நிற்கும். இங்கே அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு மகள்; கணவர் சீனாவில். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது, அது நிஜம். என் சீன எழுத்தைக் காட்டிக்கொள்ளவும் ஒரு சந்தர்ப்பம் என்று தோன்றியதும் நிஜம்.

அந்த அம்மா பிறந்தநாளை அவர்களுடைய பழைய காலண்டர்படிதான் வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். நாம் நட்சத்திரப் பிறந்தநாள் பார்க்கிறோமே, அது மாதிரி. அவர்களுக்கு மாதம் பிறப்பது அமாவாசையன்று. மகள் எப்போதோ சொன்ன மாதத்தையும் நாளையும், அடுப்படியில் தொங்கிய நம் தினசரி காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிற நாளேதான் பிறந்தநாள். மறுநாள் காலையில் ஆபரேஷன். மகளுக்குக்கூடச் சொல்லாமல் ஒரு பெரிய வாழ்த்து அட்டை செய்து அசத்திவிடுவது என்று முடிவு கட்டினேன்.

அந்த அம்மா பெயரில் வெளிச்சம் என்ற எழுத்து வரும். சூரியனையும் நிலாவையும் பக்கம் பக்கமாக எழுதிப் பழகினேன். எந்த மையில் எழுதுவது என்று வந்தபோது, கறுப்பு வேண்டவே வேண்டாம் என்று தள்ளினேன். நம் வீடுகளில் கருமாதிப் பத்திரிகைதான் முழுக்கக் கறுப்பில் வரும். நல்ல காரியத்துக்கு மூலையில் மஞ்சள் தடவாத காகிதத்தைக் கையால் தொடமாட்டோம். நாளைக்கு ஆபரேஷன் வைத்திருக்கும் ஒரு சுமங்கலியின் பெயரைப் போய்க் கறுப்பிலா எழுதுவது? தடிமனான சிவப்பு மார்க்கர் வாங்கி, குங்குமம் மாதிரி பளிச்சென்று அட்டை முழுக்கப் பெயரை எழுதினேன்.

சாயங்காலம் நான் போனபோது மகள் கீழே இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் நின்றிருந்தாள். நான் நேரே அறைக்குப் போய், அந்த அம்மா கண்ணில் படுகிற மாதிரி கால்மாட்டில் அட்டையை நிறுத்தினேன். அவர் அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, இரண்டு கையாலும் அட்டையை வாங்கிக்கொண்டு நன்றி என்றார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நான் நினைத்தேன். போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டு அஜ்மானுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து போன். நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், எவ்வளவு கெஞ்சியும் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றாள். அப்புறம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். உயிரோடு இருக்கிறவர் பெயரை அவர்கள் சிவப்பு மையில் எழுதமாட்டார்களாம். அந்தக் காலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் பெயரைத்தான் சிவப்பில் குறிப்பார்கள் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கிறார்கள். சிவப்பை உடம்பில் கட்டலாம், வாசலில் ஒட்டலாம்; பெயர் மட்டும் கூடாது. கண்டமான வருடத்தில், கத்தி வைக்கப் போகிற நாளுக்கு முதல் நாள், என் கையால் அதைச் செய்திருந்தேன்.

அந்த நிமிடமே மன்னித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘இந்தக் காலத்தில் போய் யாராவது இதையெல்லாம் நம்புவார்களா? வெறும் மைதானே? நீ படித்தவள், அம்மாவுக்கு எடுத்துச் சொல்’ என்றேன். என் தப்பை மூட அந்த நேரத்தில் அதுதான் கைக்குக் கிடைத்தது. அவள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த என் கணவரிடம், ‘நல்லது செய்யப் போனா இப்படித்தான் வந்து விடியுது’ என்று பொருமினேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“போன வருஷம் உன் பித்தப்பை ஆபரேஷனுக்கு டாக்டர் குடுத்த தேதி அஷ்டமின்னு நீதானே மாத்துன?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“மொதல்ல வாங்குன லீவை விட்டுட்டு வேற லீவு கேட்டப்ப, உன் வேலையெல்லாம் யாரு பாத்தா? அந்தப் பொண்ணுதானே. அது உங்கிட்ட இப்படிக் கேட்டுச்சா?”

கேட்கவில்லை. தேதி மாறியதற்கு ஆபீசில் மற்ற எல்லாரிடமும் சளி, காய்ச்சல் என்று சமாளித்தவள், அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவளோ, எங்கள் காலண்டரிலும் இன்ன நாளில் இன்னது செய்யலாம், கூடாது என்று போட்டிருக்கும் என்று சொல்லி, என் ஃபைல்களை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் தோசை கருகியது. நான் எடுக்கவில்லை.

மறுநாள் டியூட்டிக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தியேட்டரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அறைக்கு வெளியே கன்னியாகுமரிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். தயங்கித் தயங்கி அந்த அட்டை எங்கே என்று கேட்டேன்.

“கட்டிலுக்க அடியில இருக்குக்கா. எழுத்து வெளிய தெரியாத மாதிரி மடிச்சு வெச்சிருக்காங்க. குப்பையில போடட்டான்னு கேட்டேன். வேண்டாம்னு கையக் காட்டிட்டாங்க. நீங்க சங்கடப்படுவியளாம், மவ சொல்லிச்சு.”

ராத்திரி முழுக்கத் தன் சாவுச் சீட்டு என்று நம்பிய ஒன்றுக்கு மேலேயே அந்த அம்மா படுத்திருக்கிறார், நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக. உள்ளே போனேன். எத்தனையோ எழுத்து படித்தவளுக்கு, மன்னிப்புக் கேட்க அவர் மொழியில் ஒரு சொல் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, தட்டில் இருந்த ஆரஞ்சை உரித்து என்னிடம் நீட்டினார். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா நல்ல நாள் பார்த்துச் சொல்லியிருக்கிறார், டாக்டரிடம் அந்தத் தேதி கேட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அட்டையை நானே எடுத்துப் போய்க் கிழித்தேன்.

ஆபரேஷன் முடிந்து ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தள்ளிப்போன அந்த நாட்களில் ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நான்தான் காரணம் என்ற நினைப்பு, ஆபீஸ் பஸ்ஸிலும் படுக்கையிலும் கூடவே இருந்தது. நல்லவேளை, பயப்படும்படியான கட்டி இல்லை. அந்த அம்மா தேறி, பேரனைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போக ஆரம்பித்தார். என்னை எங்கே பார்த்தாலும் சிரிப்பார்.

தெரியாமல் பிடித்த அந்தச் சிவப்பு மார்க்கரை அம்மாவும் மகளும் எப்போதோ மறந்துவிட்டார்கள். ‘இதையெல்லாம் யாராவது நம்புவார்களா’ என்று தெரிந்தே கேட்டேனே, அதற்கு அவள் ‘சரி’ என்று சொன்ன குரல்தான், பக்கத்து சீட்டில் அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் காதில் விழுகிறது.