முழங்கால் தண்ணீரில் அப்பா

என் அப்பாவின் அஸ்தியை நான் கடலில் கரைக்கவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் எல்லாரிடமும் ஆழ்கடலில் கரைத்ததாகச் சொன்னேன்... இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்பு கேட்டு அல்ல. மன்னிக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. கேட்கிற தகுதி எனக்கும் இல்லை.

அப்பா பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை அறுத்தவர். தொழிலாளர் லயத்தில் பிறந்து, எங்களையும் லயத்திலேயே வளர்த்து, கடைசிக் காலத்தில்தான் ரவாங் நகரில் என் வீட்டுக்கு வந்தார். வாய்விட்டு எதையும் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தால், இருக்கிற சட்டைக்கு என்ன கேடு என்பார். அப்படிப்பட்டவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னைய நல்லா ஆழத்துல கொண்டு போயி விடு ஐயா. காலம் பூரா சேத்துலயே கெடந்தாச்சு. கரையோரமா விட்டுறாத."

ஆகட்டும் என்றேன். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்!

மின்சுடலையில் எரித்த மறுநாள் எலும்புகளைப் பொறுக்கிப் பால் தெளித்தோம். மண்கலயத்தில் இட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, ஆறு கடலில் சேரும் கோலசிலாங்கூருக்குக் கொண்டுபோனோம். என் மச்சானுக்குப் படகு ஏறினாலே வாந்தி. அவர் ஐயரோடு படகுத்துறையிலேயே நின்றுவிட்டார். படகில் நானும் சீனப் படகோட்டியும் மட்டும்.

கடல் வற்றிக் கிடந்த நேரம். ஆற்றுவாயைத் தாண்டியதும் எதிரே மணலும் சேறுமாய் ஒரு திட்டு. அதைச் சுற்றிக்கொண்டுதான் ஆழத்துக்குப் போக வேண்டும், நேரமாகும் என்று படகோட்டி மலாயில் சொன்னார். என் கைப்பேசியோ ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டதாம். நான் அங்கே மேற்பார்வையாளன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல் வரவில்லை. நான் இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது என்ற கர்வம்தான் வந்தது. அப்பாவின் எலும்பை மடியில் வைத்துக்கொண்டு... கர்வம்!

இங்கேயே போதும் என்றேன். தண்ணீர் பத்தாது என்றார் படகோட்டி. போதும்லா என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார்.

எங்கள் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்று, கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிர் தயங்கி நின்றுவிடும் என்பார்கள்.

விட்டேன். தண்ணீர் வாங்கி விழுங்குகிற சத்தம் வரவில்லை. கலயம் தரையில் மோதி உடைகிற சத்தம் வந்தது... நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாத்திரத்துக்குப் பயந்தா? இல்லவே இல்லை. அன்றைக்குச் சாத்திரம் எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டு வாசலில் கால் கழுவும்போதே அம்மா கேட்டார்: "ஆழமா இருந்துச்சா ஐயா?"

"தரையே தெரியலம்மா."

அம்மா கடல் இருக்கும் திசை எதுவென்று கூடத் தெரியாமல் ஏதோ ஒரு பக்கம் பார்த்துக் கைகூப்பினார். அந்த நொடியிலாவது நான் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆண்டுத் திவசம் முடிந்தது. அதுவரை வீட்டை விட்டு எங்கும் போகாத அம்மாவை வெளியே அழைத்துப் போக என் மனைவி ஒரு சுற்றுலாவுக்குப் பதிந்தாள். கடல் வற்றும்போது நடுவே ஒரு திட்டு எழுமாம். கல்லாய்ப் போன பழங்காலச் சிப்பிகளும் நண்டுகளும் அங்கே கிடைக்குமாம். கூடவே வந்து விளக்கிச் சொல்ல ஆள் உண்டாம். கோலசிலாங்கூர் என்று கேட்டதும், அம்மாவுக்கு மூட்டுவலியாயிற்றே என்று இழுத்துப் பார்த்தேன். அம்மாவோ, அப்பா இருக்கிற இடம்தானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று புதுப்புடவை கட்டிக்கொண்டார்.

அதே துறை. அதே திட்டு! இம்முறை அதன் மேலேயே இறங்கி நடந்தோம்.

வழிகாட்டி, புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மலாய்ப் பெண். கலகலப்பானவள். கல்லாகிப் போன நண்டு ஒன்றை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, இது இப்படி ஆகப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும் என்றாள். நான் தமிழில் சொன்னேன். அம்மா அதை விரலால் தடவினார்.

"அவ்ளோ காலம் சேத்துலயே கெடந்துச்சா? பாவம்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நாலடி தள்ளிப் போனேன். அதற்குள் அம்மா கூப்பிட்டார். அவர் கையில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று. வெள்ளைக்குள் நீலம் பாய்ந்த மெல்லிய வெடிப்புகள். அப்படிப்பட்டவற்றை மின்சுடலையில் என் கையாலேயே பொறுக்கியிருக்கிறேன்... எனக்குத் தெரியாதா?

அந்தப் பெண் அதைப் புரட்டிப் பார்த்தாள். பழைய பவளமாக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னாள். அம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எலும்பு மாதிரி இருக்கே ஐயா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான் என் கதை. "பவளக்கல்லும்மா," என்றேன்.

ஒருவேளை பவளமாகவே இருக்கலாம். எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கடலில் கரைக்கின்றன. வேறு யாருடையதாகவும் இருக்கலாம். இன்னொருவரின் அப்பா என்றால் எனக்கு ஆறுதலா? கேட்டுப் பார்க்கிறேன். இல்லை.

உடைந்த துண்டுதானே, எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் அனுமதித்தாள். அம்மா அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பார்ப்பதுபோல் வாங்கிக் கைதவற விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கே விடுவது? மறுபடியும் அதே சேற்றிலா?

கரைத்த அஸ்தி வீடு திரும்பக் கூடாது. எங்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் இப்போது அது அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கோரம் இருக்கிறது. கடலிலிருந்து அப்பா கொடுத்தனுப்பியது என்று சொல்லி அம்மாதான் அங்கே வைத்தார். காலையில் குளித்ததும் அதற்கும் ஒரு பூ வைக்கிறார். நான் தலை குனிந்தபடி திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

தனியே எடுத்துப்போய், ஒரு படகு பிடித்து, இந்தத் தடவையாவது ஆழத்தில் விட்டுவிட நினைக்காத நாளில்லை. கல் எங்கே என்று அம்மா கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவர் கைகூப்பியது வெறும் சேற்றைப் பார்த்து என்று நான் எப்படிச் சொல்வேன்?

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு என் முழங்கையைத் தொட்டார்.

"எனக்கும் நீயே செஞ்சிரு ஐயா. மத்தவங்கள நம்பாத. அப்பாவ எங்க விட்டியோ, அதே எடத்துல என்னையும் விட்டுரு."

தலையாட்டினேன். அம்மா நிம்மதியாக எழுந்து சாப்பிடப் போனார்.