அவுட்பாக்ஸில் கிடந்த பிகு

டெரன்ஸ் மோத்தா தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் தலை நரைக்கும்வரை மெயில் எழுதிய மனிதர். எந்தக் கப்பல் எப்போது நங்கூரம் போடும், அதை உள்ளே கொண்டுவரும் பைலட் எப்போது ஏறுவார் என்று உலகத்துக் கேப்டன்களுக்கெல்லாம் தட்டித் தட்டி விரல் தேய்ந்தவர். ரிட்டயர் ஆகியும் அந்த மிதப்பு இறங்கவில்லை. "போன்ல பேசுனதெல்லாம் பேச்சாகாது. எழுதுனாத்தான் பேச்சு" என்பார். தேங்காய் வேண்டும் என்று மனைவி விஜிலா சொன்னால்கூட எழுதிக் கொடுக்கச் சொல்வாரோ என்று தெருவில் கேலி உண்டு. அந்தக் கேலி நியாயமானதுதான் என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார்.

மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஜெரால்டு, தன் மகன் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் பெண்வீட்டு மாமாக்களுக்கும் கீழே போட்டுவிட்டான். கல்யாணத்துக்குப் போய் பிரியாணியை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிய டெரன்ஸ், அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தியிருந்தார்.

அந்தத் தம்பியிடமிருந்துதான் மெயில் வந்தது. "அண்ணே, பேரன் பிறந்திருக்கான். மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோவில்ல ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும். போன்ல சொன்னா ஒங்களுக்குப் பிடிக்காதுன்னு எழுதுதேன்."

டெரன்ஸுக்கும் விஜிலாவுக்கும் பிள்ளை கிடையாது. ஒரு குழந்தையைக் கோவிலில் கையில் ஏந்தி நிற்க அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. வாசித்ததும் கண் கலங்கிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஆனால் கேட்டவுடனே சரி என்று சொல்லிவிடலாமா? ஒரு வாய் சாப்பிடக் கூப்பிட்டாலே முதலில் வேண்டாம் என்பதுதானே மரியாதை? தம்பி இன்னும் இரண்டு தடவை கெஞ்சட்டும் என்று நினைத்தார்.

மெயிலின் அடியில் நீலமாக இருந்த தம்பியின் முகவரியைத் தட்டினார். வழக்கமான பக்கம் வராமல் வேறு ஏதோ ஒரு ஜன்னல் திறந்து பாஸ்வேர்டு கேட்டது. "பிறகு" என்று அதை ஒதுக்கிவிட்டு எழுதினார். "பத்திரிகையில் கடைசியில் கிடந்த பெயரைக் கோவில் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுத வேண்டாம். வேறு ஆள் பார்த்துக்கொள்." அனுப்பிவிட்டு, கெஞ்சலுக்காகக் காத்திருந்தார்.

கெஞ்சல் வரவில்லை. ஆபீஸ் பழக்கத்தில் 'ரிமைண்டர்' என்று தலைப்புப் போட்டு, "நீ ரொம்ப வற்புறுத்தினால் யோசிக்கிறேன்" என்று இன்னொன்று எழுதினார். யாரும் வற்புறுத்தவில்லை. "வற்புறுத்தாவிட்டாலும் பரவாயில்லை, யோசித்துவிட்டேன்" என்று அடுத்தது. கடைசியாக, "வருகிறேன். பிள்ளைக்கு என்ன நிறத்தில் சட்டை எடுக்க?" அதற்கும் பதில் இல்லை. எதிரே ஆளே இல்லாமல் பேரம் பேசி, தன் விலையைத் தானே இறக்கிக்கொண்ட வியாபாரி தூத்துக்குடியில் அவர் ஒருவர்தான்.

பெண்வீட்டு மாமா எவனோ ஞானத்தகப்பன் ஆகிவிட்டான் என்று மனசு அடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. விஜிலா விடாமல் கேட்கவும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கூப்ட்டா சரின்னு சொல்லத் தெரியாதோ ஒங்களுக்கு? போனப் போட்டுக் கேளுங்க."

"எழுதியாச்சுல்லா!" என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அந்த ஜன்னலை நிதானமாகப் பார்த்தார். அவர் பழகிய மெயில் அது இல்லை. முகவரியைத் தட்டினால் இதுதான் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஏதோ ஒரு அப்டேட்டில் தானாகவே முடிவு செய்திருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாததால், எழுதிய நாலு மெயிலும் அவுட்பாக்ஸிலேயே கிடக்கின்றன. ஒன்றுகூட வீட்டுப் படி தாண்டவில்லை. முதல் மெயிலும் போகவில்லை என்று தெரிந்ததும் மாதாவுக்கு நன்றி சொன்னார்.

அங்கேயே நாலையும் அழித்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் மெயிலோடு குடித்தனம் நடத்தியவர் ஆயிற்றே, அரைகுறையாக விடுவாரா? எதையும் முறையாகச் சரிசெய்ய வேண்டும் என்று செட்டிங்ஸுக்குள் புகுந்தார். மெயில் என்றால் எது திறக்க வேண்டும் என்று சொல்லும் டீபால்ட் இடத்தைத் தேடிப் பிடித்துப் பழைய மெயிலுக்கு மாற்றினார். போகிற போக்கில், பாவம், பல நாளாகக் கேட்கிறதே என்று அந்தப் புது ஜன்னலுக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்தார்.

அது சந்தோஷமாகத் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது. வரிசைப்படி, முதல் மெயிலிலிருந்து.

"ஏ, நில்லு! நில்லு!" என்று கத்தினார். எங்கே தட்டினால் நிற்கும் என்று தெரியாமல், பாய்ந்து போய் மோடத்தின் வயரைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் வயரின் முனை உடைந்து கையோடு வந்தது. திரையைப் பார்த்தார். இரண்டு போயிருந்தன. வேண்டாம் என்றதும், வற்புறுத்து என்றதும். வருகிறேன் என்று எழுதியது பத்திரமாக உள்ளேயே இருந்தது.

தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் விஜிலா போனை நீட்டினாள். ஜெரால்டு பேசினான். குரல் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, இப்பதான் ரெண்டு மெயிலு வந்துச்சு. நான் எழுதுனதுக்கு இத்தன நாளும் நீங்க ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னா மறுநாளே வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா எழுதியிருப்பியள்லா. பேசாம இருக்கியன்னா சம்மதம்னு நெனச்சு கோவில் சாமியார்ட்ட ஒங்க பேரக் குடுத்துட்டேன். பிகு பண்ணாம ஒத்துக்கிட்டியளேன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்ணே. இப்ப என்ன செய்யணும்? பேர எடுக்கச் சொல்லவா?"

வாழ்க்கையில் தம்பி சந்தோஷப்படும்படி டெரன்ஸ் செய்த ஒரே காரியம் வாயை மூடிக்கொண்டு இருந்தது. அதையும் அவர் செய்யவில்லை, கம்ப்யூட்டர் செய்திருக்கிறது.

"எம் பேர எடுத்திராதலே," என்றார். அழுகையை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. "நான் வாரேன்."

"அப்ப இந்த மெயிலு?"

"அது ஒரு கிறுக்கன் எழுதுனதுலே. அவன இங்கனயே விட்டுட்டு, நானும் ஒன் மைனியும் மட்டும் வாரோம்."